தேயிலைக்குள் விழுந்தால் அவுட்

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயது. ஹட்டன் டவுனில் ஒரு புத்தகக் கடையில் வேலை செய்கிறேன். அம்மா இன்னும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய் வருகிறார். இரண்டு வருடமாகப் பத்திரிகைகளுக்குச் சின்னச் சின்னக் கட்டுரைகள் அனுப்புகிறேன். குளவிக் கொட்டு, தோட்டத்துப் பெண்களின் கடன், டியூஷன், கிரிக்கெட், கல்யாண வீட்டு ஸ்பீக்கர் என்று மொத்தம் பதினொன்று அனுப்பினேன், மூன்று வந்தன. மூன்றையும் பாதியாக வெட்டியிருந்தார்கள். "எல்லாத்தையும் பத்தி எழுதுறவளுக்கு எதுவும் தெரியாதுன்னுதான் நெனைப்பாங்க, ஒன்னப் புடிச்சு எழுது" என்கிறார் மாமா. போன மாதம் வந்த கடன் கட்டுரைக்குப் பிறகு எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒரு அக்கா என்னோடு பேசுவதில்லை. நான் ஒரே விஷயத்தை மட்டும் எழுத வேண்டுமா? சுருக்கமாக எழுதுவது எப்படி?
– வாசகி, ஹட்டன்

பதில்: தங்கச்சி, கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய நான்கு கட்டுரைகளையும் இரண்டு தடவை படித்தேன். மாமாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், பெரியவர்.

காலையில் பீலிக்குப் போய்ப் பாருங்கள். தண்ணீர் பிடிக்கிற பத்து நிமிடத்துக்குள் கோதுமை மா விலை, சிறுத்தை தூக்கிக்கொண்டு போன நாய், சங்கத்துக்காரர் சொன்ன பொய், நேற்றைய நாடகம் எல்லாம் பேசி முடிந்துவிடும். 'நீங்கள் மா விலையை மட்டும் பேசுங்கள்' என்று அங்கே யாரும் யாரையும் தடுப்பதில்லை. பல விஷயங்களைப் பற்றிக் கருத்து வைத்திருப்பது மனிதர்களுக்கு இயல்பு. அதனால் மாமா சொல்வதில் பாதியை நான் ஏற்கவில்லை. மீதிப் பாதி சரி. பீலியில் தப்பாக ஒன்று சொன்னால் பக்கத்தில் நிற்பவர் அந்த இடத்திலேயே திருத்திவிடுவார். பத்திரிகையில் சொன்னால் திருத்தம் ஒரு வாரம் கழித்து வரும். அதற்குள் உங்கள் பெயரோடு அது ஊர் முழுக்கப் போயிருக்கும்.

என் கதையைச் சொல்கிறேன். எழுத வந்த புதிதில் தேயிலை விலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அம்மா ஒரு நாளைக்குப் பறிக்கும் 18 கிலோவை எடுத்தேன், கொழும்பு ஏலத்தில் ஒரு கிலோ தேயிலைக்குக் கிடைக்கும் விலையால் பெருக்கினேன், பக்கத்தில் அம்மாவின் சம்பளத்தை வைத்தேன். எழுதும்போது கை நடுங்கியது, அவ்வளவு கோபம். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் அடுத்த வாரமே போஸ்ட் கார்டு போட்டிருந்தார். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வாடி, அரைபட்டு, காய்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலை வரும், பிள்ளை கணக்கில் கொழுந்துக்குள் தண்ணீரே இல்லையே என்று கேட்டிருந்தார். 18 கிலோ என்பது 4 கிலோவாகிவிட்டது. அந்த 4 கிலோவை வைத்துக்கொண்டே என் நியாயத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு எண் தப்பு என்று கண்டவர் மீதியைக் காதில் வாங்க மாட்டார். அதுவும் எதிர்ப் பக்கத்தில் இருப்பவருக்கு அந்த ஒன்று போதும்.

இதில் எனக்கு வெட்கமாக இருந்தது எது தெரியுமா? நான் ஸ்டோர் வாசம் பிடித்து வளர்ந்தவள். தோட்டத்தைப் பற்றி நான் யாரைக் கேட்க வேண்டும் என்ற நினைப்பு. தெரியாத விஷயத்தை எழுதும்போது நாலு பேரைக் கேட்போம். வீட்டு விஷயத்தில்தான் கேட்காமல் எழுதிவிடுவோம். ஒன்றையே பிடித்து எழுது என்று மாமா சொல்வதில் இருக்கும் ஆபத்தும் இதுதான். பிடித்த ஒன்றில் நாளாக நாளாகக் கேள்வி கேட்கும் பழக்கம் போய்விடும். ஆகவே பல விஷயங்களையும் எழுதுங்கள். எந்த விஷயமானாலும், வீட்டு விஷயமானாலும், ஒருவரையாவது கேட்டுவிட்டு எழுதுங்கள்.

சரி, வெட்டுக்கு வருவோம்.

உங்கள் நான்கு கட்டுரைகளில் இரண்டு 'இன்றைய நவீன உலகில்' என்று தொடங்குகின்றன. ஒன்று ஔவையாரோடு. நான்காவது, ஒரு குறளோடு. ஓ.எல். (சாதாரண தர) பரீட்சைக்குக் கட்டுரை எழுதப் பழகிய கை இது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை. பரீட்சைத் தாள் திருத்துபவர் காசு வாங்கிக்கொண்டு படிக்கிறார், அவர் கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும். பத்திரிகை வாசகர் காசு கொடுத்து வாங்கியவர், பிடிக்காவிட்டால் அடுத்த பக்கம் போய்விடுவார். அச்சில் வந்த உங்கள் கிரிக்கெட் கட்டுரையை நீங்கள் அனுப்பிய மூலத்தோடு வைத்துப் பார்த்தேன். ஆசிரியர் வெட்டியது முதல் இரண்டு பந்திகளும் 'ஆகவே சமூகமே விழித்தெழு' என்ற கடைசிப் பந்தியும். அவர் மேல் கோபப்பட எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஆனாலும் அவர் இன்னும் கொஞ்சம் வெட்டியிருக்கலாம் என்பேன். முரளிதரன் கண்டியில் பிறந்ததும் டெஸ்டில் 800 விக்கெட் எடுத்ததும் இந்த நாட்டில் தெரியாதவர் யார்? அதற்கு ஒரு முழுப் பந்தி. அப்புறம் ஆறாவது பந்தியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 'எங்கள் பெரட்டுக்களத்தில் பந்து தேயிலைக்குள் விழுந்தால் அவுட்.' நான் அங்கேயே நின்றுவிட்டேன். கட்டுரை தொடங்க வேண்டிய இடம் அது. காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் அந்தக் களத்துக்கு ஒரு பக்கம் ஸ்டோர்ச் சுவர், மறு பக்கம் சரிவு, சரிவு முழுக்கத் தேயிலை. தூக்கி அடித்தால் அவுட், ஆகவே பையன்கள் தூக்கி அடிப்பதே இல்லை. அப்படிப் பத்து வருடம் விளையாடிப் பழகியவன் டவுன் மைதானத்தில் அணித் தேர்வுக்குப் போனால் என்ன நடக்கும்? பயிற்றுநர் முக்கியமா, சமமான ஒரு துண்டு நிலம் முக்கியமா? இதைச் சொல்ல 350 சொல் போதும். இதைச் சொல்ல உங்களை விட்டால் ஆளும் குறைவு.

குளவிக் கட்டுரையில் பிரச்சினை வேறு. அதில் ஆறு கோரிக்கை இருக்கிறது: பாதுகாப்பு உடை, அம்புலன்ஸ், நட்டஈடு, வைத்தியசாலையில் மருந்து, சங்கங்கள், அரசாங்கம். ஆறையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் தூக்குகிறவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. 'குளவி கொட்டி ஏழு பேர் வைத்தியசாலையில்' என்ற செய்தி நம் பக்கத்தில் அடிக்கடி வருகிறது, இரண்டு வரியில் வந்து போகிறது. கருத்துக் கட்டுரை செய்ய வேண்டியது அந்த இரண்டு வரிக்குள் இல்லாத ஒன்றை எடுத்து வைப்பது. அது உங்களிடம் இருக்கிறது, கட்டுரையில் இல்லை, எனக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. 'கூடு இருக்குன்னு மொத நாளே கங்காணிகிட்ட சொன்னோம்' என்று அம்மா சொன்னாராம். சொன்னதை யார் கேட்டார், எங்காவது எழுதி வைத்தார்களா, எழுதி வைக்க ஒரு புத்தகமாவது இருக்கிறதா, மறுநாள் அதே மலைக்கு ஏன் ஆள் அனுப்பினார்கள்? இது ஒரு கட்டுரை. கங்காணியிடமும் கேளுங்கள், அவரும் மேலே சொல்லியிருப்பார். அந்த ஆறு கோரிக்கையும் ஆறு வாரத்துக்கு.

சுருக்கமாக எழுதுவதற்கு என்னிடம் இருக்கும் வழி ஒன்றுதான், அதுவும் அடுப்படி வழி. அம்மா ரொட்டி சுடும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, நீங்கள் எழுதப் போவதை வாயால் சொல்லுங்கள். ரொட்டி ஒரு பக்கம் வேகிற நேரம்தான் உங்களுக்கு. திருப்பிப் போடுவதற்குள் விஷயத்துக்கு வரவில்லை என்றால் முன்னுரை நீளம். 'அதுக்கு என்ன இப்ப?' என்று கேட்டால் உங்களிடம் இன்னும் விஷயம்தான் இருக்கிறது, கருத்து வரவில்லை. 'அது எப்படி, அப்படி இல்லையே' என்று அம்மா கரண்டியைக் கீழே வைத்தால் உடனே போய் எழுதுங்கள். மறுப்பதற்கு ஒன்று இருந்தால்தான் அது கருத்து. அம்மா என்ன சொல்லி மறுத்தாரோ அதையும் கட்டுரைக்குள் ஒரு இடத்தில் வைத்துப் பதில் சொல்லுங்கள்.

எண்களைப் பற்றி இன்னொன்று. 2021 இல் 1000 ரூபாச் சம்பளம் என்று எல்லோரும் எழுதினார்கள். அது 900 அடிப்படையும் 100 படியும் சேர்ந்தது என்பதைச் சிலர்தான் எழுதினார்கள். கொழும்பிலிருந்து எழுதுபவர் 1000 ஐ 25 நாளால் பெருக்கிவிட்டுப் போவார். நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுவார்கள், சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் நிறுக்கும்போதே கழிப்பார்கள் என்பது உங்கள் வீட்டுக் கணக்கு. 1920 களில் தொழிற்சங்கத் தலைவரும் பத்திரிகையாளருமான கோ. நடேசய்யருக்கு இதையெல்லாம் தெரிந்துகொள்ளப் புடவை வியாபாரியாக வேஷம் போட்டுத் தோட்டத்துக்குள் நுழைய வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த மூட்டை வேண்டாம், மாலையில் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்தால் போதும்.

டவுன் விஷயம், ரோடு, குப்பை, பஸ் தரிப்பிடம் என்றால் வேறு வழி இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எந்த அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். தருகிறோமா இல்லையா என்று அவர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கட்டுரை இரண்டு மூன்று வாரம் தாமதமாகும், பரவாயில்லை. தராவிட்டால் அதுவும் ஒரு கட்டுரை.

கடைசியாக அந்த அக்கா. நீங்கள் கேள்வியின் நடுவில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனாலும், இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கட்டுரையைப் படித்தேன். பெயர் போடவில்லை, உண்மைதான். 'எங்கள் லயத்தில், கணவர் கொழும்பில் வேலை செய்ய, நான்கு பிள்ளைகளோடு இருக்கும் ஒரு பெண், மூன்று இடத்தில் கடன் வாங்கி, வாரக் காசு கட்ட ஆள் வரும் நாளில் கதவைச் சாத்திக்கொள்கிறார்.' பன்னிரண்டு காம்பரா உள்ள லயத்தில் அப்படி எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்? யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வாசிப்பவருக்கு அவர் ஒரு பெண். உங்கள் லயத்துக்கு அவர் மூன்றாம் காம்பரா அக்கா. கதவைச் சாத்திக்கொண்டதை நீங்கள் பார்த்தது பக்கத்து வீடு என்பதால்தான். அதை எழுத்தாளராகப் பார்க்கவில்லை.

நான் சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்த வரவில்லை. குற்றவியல் அவதூறுச் சட்டத்தை நம் நாட்டில் 2002 இலேயே நீக்கிவிட்டார்கள். நட்டஈட்டு வழக்கு ஒன்று இருக்கிறது, அந்த அக்கா அதற்கெல்லாம் போக மாட்டார். பீலியில் உங்களைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான். அது கஷ்டமான தண்டனை, எனக்குத் தெரியும்.

வாரக் கடன் எழுத வேண்டிய விஷயம். ஆனால் நான்கு பிள்ளை, கொழும்புக் கணவர், சாத்திய கதவு என்ற மூன்றில் எது கட்டுரைக்குத் தேவைப்பட்டது? கதவு ஒன்றுதான். மற்ற இரண்டும் ஆளைக் காட்டிக் கொடுத்தன. கதவுக்கும்கூட முன்கூட்டி அவரிடம் போய், 'அக்கா, இப்படி எழுதப் போறேன், உங்க பேர் வராது, சரியா?' என்று கேட்டிருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லியிருந்தால், உங்கள் வீட்டுக் கடனை எழுதியிருக்கலாம். எந்த வீட்டில்தான் இல்லை.

இப்போது போய்ப் பேசுங்கள். பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நல்ல நோக்கத்தோடு எழுதினேன் என்று விளக்கம் சொல்லாதீர்கள், அவர் கேட்கவில்லை. 'எழுதினது தப்பு அக்கா' என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள். கொடுக்காவிட்டால் இன்னொரு நாள் போங்கள்.

ஸ்பீக்கர் கட்டுரையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நீங்களே கோபம் ஆறிய பிறகு படித்துப் பாருங்கள். கிரிக்கெட்டை மட்டும் மறுபடி எழுதி எனக்கு அனுப்புங்கள். அதற்கு முன் தம்பியிடம் ஒன்று கேட்க வேண்டும்: பந்து தேயிலைக்குள் போனால் யார் தேடுவது, அடித்தவனா, போட்டவனா? எங்கள் தோட்டத்தில் போட்டவன்தான் தேட வேண்டும். அது அநியாயம் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.