அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு: திருட்டுப் பயத்துக்கு மின்கருவி எது? கேள்வி பதில்

வயரிங் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். பெயிண்ட், டிங்கரிங் எல்லாம் வேறு ஆளிடம்.

கேள்வி (மதுரை): 1978 பத்மினி. ஸ்குரூ டிரைவரை விட்டாலே இக்னிஷன் திரும்புகிறது. சாவியில் சிப் வைத்த இம்மொபிலைசர் போடலாமா அண்ணா?

போடலாம், ஆனால் அது எதைத் தடுக்கும் என்று பாருங்கள். புதுக் காரில் இன்ஜின் கம்ப்யூட்டர் சிப்பைப் படித்த பிறகுதான் பெட்ரோலும் தீப்பொறியும் வரும். பத்மினியில் கம்ப்யூட்டர் ஏது? தீப்பொறிக்கு பேட்டரி, காயில், பாயிண்ட், டிஸ்ட்ரிபியூட்டர், முடிந்தது கதை. என்ன விலைக்கு எந்தப் பெட்டி வாங்கினாலும் கடைசியில் அது ஒரு ரிலேயால் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒரு வயரைத் துண்டிக்கும், அவ்வளவுதான். அதையே ஒளித்து வைத்த ஒரு சுவிட்ச் செய்துவிடும். எங்கே துண்டிப்பது என்பதில்தான் விஷயம். எல்லாரும் சாவியிலிருந்து காயிலுக்கு வரும் வயரை வெட்டுகிறார்கள், பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயர் போட்டால் அது வீண். காயிலுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் நடுவே போகும் மெல்லிய வயரில் சுவிட்சை வையுங்கள், தடித்த வயரில் அல்ல. ஸ்டார்ட்டர் சுற்றும், வண்டி பிடிக்காது, பழைய வண்டி மக்கர் பண்ணுகிறது என்று நினைத்து விட்டுவிட்டுப் போவான்.

வயரை முறுக்கி டேப் சுற்றுகிற வேலை மட்டும் வேண்டாம். புதிதாக இழுக்கும் எந்த பேட்டரி லைனுக்கும் பேட்டரி அருகிலேயே ஃபியூஸ் வையுங்கள். நாற்பது வருடப் பழைய வயர் உறைக்குப் பக்கத்தில் ஃபியூஸ் இல்லாத லைன் ஓடினால் திருடன் வேண்டாம், தீயே கொண்டுபோய்விடும்.

கேள்வி (சென்னை): அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அலாரம் போடலாமா சார்?

நம்ம ஊரிலேயே செய்த வண்டி, சந்தோஷம். ஆனால் ஹெரால்டின் பானெட் கொக்கிகள் வெளியே இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் தூக்கி பேட்டரியைக் கழற்றலாம், அலாரம் அதோடு ஊமை. தனி பேட்டரி உள்ள சைரன் வாங்குங்கள். அதற்கு முன் கொக்கிக்கு ஒரு பூட்டு.

கேள்வி (ஈரோடு): டீசல் அம்பாசடருக்கும் இதே சுவிட்ச்தானே?

இல்லை. டீசலுக்குத் தீப்பொறியே கிடையாது. டீசல் பம்ப்பில் மின்சார ஸ்டாப் சோலனாய்டு (டீசலை அடைக்கும் மின் வால்வு) இருந்தால் அதன் லைனில் வெட்டுங்கள். கையால் இழுக்கும் ஸ்டாப் கம்பி என்றால் ஸ்டார்ட்டர் லைனில் வையுங்கள், ஆனால் தள்ளி ஸ்டார்ட் செய்தால் அது தடுக்காது.

கேள்வி (திருச்சி): ஜி.பி.எஸ். டிராக்கர் எது நல்லது?

கம்பெனி பெயர் சொல்ல மாட்டேன். உள்ளே சொந்த பேட்டரி இருக்க வேண்டும், நின்றிருக்கும்போது தூங்க வேண்டும். 30 மில்லி ஆம்ப் இழுத்தால் ஒரு மாதத்தில் 21 ஆம்ப்-அவர் போய்விடும், 40 ஆம்ப்-அவர் பேட்டரியில் அது பாதி. ஞாயிறுதோறும் கூட எடுக்காத வண்டிக்கு இதுதான் முதல் கவலை. தகர ஷெட்டுக்குள் சாட்டிலைட் சிக்னல் கிடைப்பது கஷ்டம், அதனால் ஷெட்டைவிட்டு வெளியே வந்தால் எச்சரிக்கை வரும்படி வையுங்கள்.

கேள்வி (சேலம்): ஆப்பில் ஒரு பட்டனை அழுத்தினால் ஓடுகிற வண்டியும் நிற்குமாமே?

நிற்கும். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

கேள்வி (திருப்பூர்): திருடனின் பாதுகாப்பைப் பற்றி எதற்கு கவலை? நான் அந்த ஆப் கருவியைப் போட்டிருக்கிறேன், அருமையாக வேலை செய்கிறது.

திருடனைப் பற்றி யார் பேசினார்கள்? பைபாஸில் பின்னால் லாரி வரும்போது உங்கள் வண்டி திடீரென்று செத்தால் லாரிக்காரர் என்ன பாவம் செய்தார்? அப்புறம், அந்த ரிலே பழுதானால் ஓட்டுவது நீங்கள், பின்சீட்டில் உங்கள் குழந்தைகள். பிரேக் பூஸ்டர் பொருத்திய வண்டியில் இன்ஜின் நின்றால் கொஞ்ச நேரத்தில் மிதி கல்லாகிவிடும்.

திருப்பூர்: வேகம் 20-க்குக் கீழே வந்த பிறகு மட்டும் வெட்டும் மாடல் இது.

அந்த வேகத்தை டிராக்கருக்குச் சொல்வது சாட்டிலைட் சிக்னல். பாலத்துக்கு அடியில் அது தப்பாகச் சொல்லலாம்.

சேலம்: அப்போ பெட்ரோல் லைனில் வால்வு வைத்து அடைத்தால்?

கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் இருப்பது தீரும்வரை ஓடி, நடுரோட்டில் நிற்கும். நிற்கிற வண்டி கிளம்பாமல் இருக்க வேண்டும், ஓடுகிற வண்டியை நிறுத்த நாம் போலீஸ் இல்லை. இருப்பிடம் தெரிந்தால் அதை ஸ்டேஷனில் காட்டுங்கள், நீங்களே துரத்தாதீர்கள். திருப்பூர், இதோடு விடுவோம்.

கேள்வி (நாகர்கோவில்): ஏர்டேக் (ஆப்பிளின் சின்ன டிராக்கர் வில்லை) போதுமா?

துணைக்கு வைக்கலாம். பக்கத்தில் யாராவது ஐபோன் வைத்திருந்தால்தான் இடம் தெரியும். தெரியாத டேக் கூடவே வருகிறது என்று திருடன் போனுக்கும் தகவல் போகும்.

கேள்வி (கரூர்): நல்ல ஜி.பி.எஸ். எது சார்?

திருச்சிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (புதுச்சேரி): 1950-களின் மாரிஸ் மைனர். டிராக்கரை மாட்டியதும் புகை.

பாசிட்டிவ் எர்த் வண்டி. பாடிதான் பிளஸ், நீங்கள் மைனஸ் என்று நினைத்துக் கொடுத்திருப்பீர்கள். புது டிராக்கர் வாங்கி, அதன் உடம்பு உலோகம் என்றால் காரின் பாடியில் படாமல் வைத்து, பிளஸ்-மைனஸ் பார்த்துக் கொடுங்கள். ஃபியூஸ் போட்டிருந்தீர்களா?

புதுச்சேரி: இல்லை.

மதுரைக்குச் சொன்ன இரண்டாவது பத்தி.

கேள்வி (வேலூர்): பழைய வண்டியில் இதையெல்லாம் சொருகுவது அதன் ஒரிஜினாலிட்டியைக் கெடுக்காதா?

ஒரு ஓட்டைகூடப் போடாமல், பழைய வயரை வெட்டாமல், இரண்டு பக்கமும் கனெக்டர் வைத்துத் தனி வயராகக் கட்டலாம். வேண்டாம் என்றால் பத்து நிமிடத்தில் கழற்றிவிடலாம்.

கேள்வி (தஞ்சாவூர்): முன் பம்பரையும் ஹப் கேப்பையும் கழற்றிக்கொண்டு போகிறார்கள். அதற்கு என்ன கருவி?

நல்ல ஷெட் கதவு.

கேள்வி (ஓசூர்): ஜி.பி.எஸ். வாங்கலாம் என்று...

திருச்சி.