பாம்புக் கொக்கியை நாமே செய்துகொள்ளலாமா?

கேள்வி: தென்னந்தோப்பில் உள்ள மோட்டார் அறைக்குள் மழைக்காலத்தில் அடிக்கடி பாம்பு வந்து படுத்துக்கொள்கிறது. கடையில் விற்கும் கொக்கியின் விலை கட்டுப்படியாகவில்லை. நானே செய்துகொள்ள முடியுமா?

பதில்: செய்துகொள்ளலாம். நான்கடி அலுமினியக் குழாய், இரண்டடி நீளத்தில் 8 மில்லிமீட்டர் இரும்புக் கம்பி, கொஞ்சம் எபாக்சி பசை போதும். கம்பியின் பாதியைக் குழாய்க்குள் செருகிப் பசையால் இறுக்குங்கள். முழுக்க இரும்பில் செய்தால் சற்று நேரத்திலேயே மணிக்கட்டு கடுத்துவிடும். வெளியே நிற்கும் கம்பியை நான்கு விரல் அகலத்துக்கு வளைத்து, நுனியை அரத்தால் மழுக்குங்கள். வளைவு தூண்டில் முள் போலக் குறுகினால் பாம்பின் விலா எலும்பு முறியும். தேங்காய் பறிக்கும் துரட்டியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அது பாம்பை அறுத்துவிடும்.

ஆனால் கொக்கி பாம்பைப் பிடிக்காது. கொடியில் போட்ட துணிபோல் பாம்பு அதன்மேல் கிடக்கும், அவ்வளவுதான். உடல் கனத்த கண்ணாடி விரியன் ஓரளவு கிடக்கும். சாரை நொடியில் வழுக்கி ஓடும். கட்டுவிரியன் துள்ளித் துவண்டு எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. அதன் கடி பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதால் கடிபட்டதே தெரியாமல் போகும். பார்க்க அதைப் போலவே இருக்கும், விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனைக் கட்டுவிரியன் என்று நினைப்பவர்களைவிட, கட்டுவிரியனை வரையன் என்று நினைத்துத் தொடுபவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

எனவே ஓலை, மட்டை, சாக்கைத் தள்ளி நின்று புரட்டிப் பார்க்க மட்டும் இந்தக் கொக்கியைப் பயன்படுத்துங்கள். பாம்பு தெரிந்தால் பின்வாங்கி, அதன்மேல் ஒரு கண் வைத்தபடி வனத்துறையையோ தீயணைப்புத் துறையையோ (101) அழையுங்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டுப் பாம்பைப் பிடித்து வைத்திருக்க அனுமதி வேண்டும். 1978-இல் தொடங்கப்பட்டு, சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்கூட அரசு அனுமதியோடுதான் பாம்பு பிடிக்கிறது.

கடித்துவிட்டால் கீறவோ கயிறு கட்டவோ வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல், 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.

கொக்கிக்கு முன்பாக, மோட்டார் அறைக் கதவின் அடி இடைவெளியை அடைத்துவிடுங்கள். உள்ளே தேங்காய் மட்டையை அடுக்காதீர்கள். எலிதான் பாம்பை அங்கே அழைத்து வருகிறது.