ஓபரா பாடகி மரியா காலஸை ஏன் இன்றும் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

1949-இல் வெனிஸில் நடந்ததைச் சொன்னாலே பாதி பதில் கிடைத்துவிடும். லா ஃபெனிச்சே அரங்கில் காலஸ், ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராவில், அதாவது பாட்டாலேயே நடக்கும் மேலை இசை நாடகத்தில், புரூன்ஹில்டா என்ற பாத்திரமாகப் பாடிக்கொண்டிருந்தார். பெரிய வாத்தியக் குழுவைத் தாண்டி ஒலிக்க வேண்டிய கனமான பாத்திரம் அது. அந்த நேரம் பார்த்து, இத்தாலிய இசையமைப்பாளர் பெல்லினியின் ‘பூரித்தானி’ ஓபராவில் பாட வேண்டியவருக்கு உடம்பு முடியாமல் போனது. இசை நடத்துநர் துல்லியோ செராஃபின் காலஸையே பாடச் சொன்னார். இதுவோ நேர் எதிர்: நம் சங்கீதத்தில் பிருகா என்போமே, அதுபோன்ற வேகச் சுரங்கள் நிறைந்தது. சுமார் ஒரு வாரத்தில் கற்று, பாடியும் காட்டினார். ஒரே குரலில் இரண்டுமா என்று இத்தாலியே வியந்தது.

பிறந்தது 1923-இல், நியூயார்க்கில், கிரேக்கப் பெற்றோருக்கு. 1937-இல் தாயுடன் ஏதென்ஸ் போய், அங்கே பாடகி எல்விரா தெ ஹிடால்கோவிடம் பயின்றார். 1951-இல் மிலானின் லா ஸ்காலா அரங்கின் ஓபரா பருவத் தொடக்க இரவில் பாடினார்.

அவருடையது வழவழப்பான குரல் இல்லை. உச்ச சுரங்களில் சில நேரம் ஆட்டம் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பொருள் கொடுத்துப் பாடுவார். எனக்கு அதுதான் பெரிது. அதிகம் மேடையேறாமல் கிடந்த தோனிசெத்தியின் ‘அன்னா பொலேனா’ ஓபரா 1957-இல் அவரால்தான் மீண்டும் உயிர்பெற்றது.

அப்புறம் குரல் சீக்கிரமே தளர்ந்தது. காரணம் உடல் மெலிந்ததா, கனமான பாத்திரங்களை இளவயதிலேயே பாடியதா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். கடைசி முழு ஓபரா 1965-இல், லண்டனில் ‘தோஸ்கா’. அப்போது வயது 41. 1977-இல் பாரிஸில் காலமானார்.

முதல்முறை கேட்பவர்கள், 1953-இல் பதிவான அவருடைய ‘தோஸ்கா’விலிருந்து தொடங்குங்கள்.