சான்றிதழுக்குப் பணம் கட்டுவதற்கு முன்: சட்டம் படிக்கும் மகளின் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஐந்தாண்டுச் சட்டப் படிப்பின் மூன்றாம் ஆண்டில் இருக்கும் உங்கள் மகள் ஒப்பந்தம் எழுதப் பழக்கும் ஆறு வார இணையவழி வகுப்பில் சேர விரும்புவதாகவும், அதன் கட்டணம் 18,500 ரூபாய் என்றும், முடித்தவர்களுக்கு இன்டர்ன்ஷிப் உறுதி என்று அவர்கள் சொல்வதாகவும், ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டினால் தள்ளுபடி உண்டு என்றும் எழுதியிருக்கிறீர்கள். குடும்பத்தில் வக்கீல் என்று ஒருவரும் இல்லாததால் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற கவலையும் வரிகளுக்கிடையே தெரிகிறது. பணம் கட்டலாமா என்ற முதல் கேள்விக்கு என் பதில், இப்போது கட்ட வேண்டாம் என்பதே. பிள்ளை பின்தங்காமல் இருக்க என்ன செய்யலாம் என்ற இரண்டாவதற்குச் சற்று விரிவாகத்தான் எழுத வேண்டும்.

சட்டப் படிப்பில் பயிற்சி, அதாவது இன்டர்ன்ஷிப், என்பது விருப்பம் இருந்தால் செய்துகொள்ளும் கூடுதல் வேலை அன்று. இந்திய வழக்குரைஞர் பேரவையின் (பார் கவுன்சில்) 2008-ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளின்படி, மூன்றாண்டுப் படிப்பில் குறைந்தது 12 வாரமும், ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரமும் பயிற்சி முடித்தாக வேண்டும். ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் செல்லக் கூடாது என்றும், விசாரணை நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் வழக்காடுபவர்களிடம் படிப்புக் காலத்தில் ஒரு முறையாவது பயின்றிருக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. தன்னார்வ அமைப்பு, சட்ட நிறுவனம், கம்பெனி, உள்ளாட்சி மன்றம், சட்டமன்றம் எல்லாமே ஏற்கத்தக்க இடங்கள்தாம். ஆண்டுக்கு ஒரு நான்கு வாரம் என்று கணக்கிட்டால் 20 வாரம் தானாக நிறைந்துவிடும். உங்கள் மகள் இதுவரை எத்தனை வாரம் முடித்திருக்கிறார் என்பதை நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைக் கேளுங்கள். இணையவழிப் பயிற்சியைக் கல்லூரி இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுமா என்பதையும், பணம் கட்டிய பிறகு அல்லாமல் கட்டுவதற்கு முன்பே பயிற்சிப் பொறுப்பாசிரியரிடம் கேட்டுவிடுவது நல்லது.

அதே விதிகளில் பெற்றோர் பலர் கவனிக்காத இன்னொரு விதியும் இருக்கிறது. முறையான சட்டப் படிப்பில் இருக்கும் மாணவர் அதே காலத்தில் வேறொரு பட்டப் படிப்பிலோ சான்றிதழ்ப் படிப்பிலோ பதிவு செய்துகொள்ளக் கூடாது என்கிறது ஆறாம் விதி. மொழி, கணினி சார்ந்த குறுகிய காலப் பகுதிநேர வகுப்புகளுக்கும், பல்கலைக்கழகத் தொலைநிலைக் கல்வி மையங்கள் நடத்தும் படிப்புகளுக்கும் மட்டுமே விலக்கு உண்டு. நடைமுறையில் இதை யாரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதில்லை என்பது உண்மை. ஆயினும் சட்டம் படிக்கும் பிள்ளை, தன்னைக் கட்டுப்படுத்தும் விதியைப் படிக்காமலேயே ஒரு சட்டச் சான்றிதழ் வாங்குவது எனக்குச் சற்று வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

நானும் இந்தத் தவற்றைச் செய்தவன்தான். படிப்பு முடிந்தபோது என் கோப்பில் ஒன்பது சான்றிதழ்கள் இருந்தன. ஜூனியராகச் சேர்ந்த முதல் நாள், அலுவலகக் குமாஸ்தா ஒரு வக்காலத்துப் படிவத்தை நீட்டி நிரப்பச் சொன்னார். கட்சிக்காரர் எங்கே கையெழுத்திட வேண்டும், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் எங்கே, நல நிதி ஸ்டாம்ப் எங்கே என்று தெரியாமல் கால் மணி நேரம் அதையே வெறித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கி, இரண்டு நிமிடத்தில் முடித்து வழக்குக் கட்டுக்குள் செருகினார். அந்த ஒன்பது சான்றிதழ்களை அதற்குப் பிறகு யாரும் என்னிடம் கேட்கவில்லை.

உங்கள் மகள் இப்போது போக வேண்டிய இடம் உங்கள் வட்டத்து நீதிமன்ற வளாகம்தான். குடும்பத்தில் வக்கீல் இல்லாதவர்களுக்கு அந்த வாசல் அடைத்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டுப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தவரோ, நோட்டரி கையெழுத்து வாங்கிய அலுவலகமோ போதுமான தொடக்கம். அதுவும் இல்லையென்றால் வழக்குரைஞர் சங்க அறைக்கு நேரில் சென்று, அன்றாடம் வழக்கு நடத்துகிற, பத்துப் பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். பெயர் பெற்ற மூத்தவர் அலுவலகத்தில் ஏற்கெனவே பத்து மாணவர்கள் இருப்பார்கள். அங்கே உங்கள் மகள் பதினொன்றாவதாக நாற்காலியில் உட்கார்ந்திருக்க நேரும். நடுத்தர அனுபவம் உள்ளவரிடம் கட்டு தூக்குவது முதல் மனு நகல் எடுப்பது வரை எல்லா வேலையும் கைக்கு வரும். அலுவலகத்தின் நடைமுறையையும், உடன் பணிபுரியும் பெண் ஜூனியர்கள் இருக்கிறார்களா என்பதையும் முதலில் நீங்களும் ஒருமுறை சென்று பார்த்துவிடுவதில் தவறில்லை. ஆனால் அதன் பிறகு தினமும் வாசலில் நிற்காதீர்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இன்னொரு நல்ல வாசல். சட்ட மாணவர்கள் வழக்குரைஞராகப் பதிவு செய்யும் வரை சட்டம்சார் தன்னார்வலர்களாகச் சேவை செய்யத் தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் திட்டத்திலேயே இடம் இருக்கிறது.

காலத்தைப் பற்றி ஒரு சொல். கல்லூரி விடுமுறை பெரும்பாலும் மே மாதத்தில் வருகிறது. அந்த மாதம்தான் நம் உரிமையியல் நீதிமன்றங்களுக்கும் கோடை விடுமுறை. மே மாதத்தில் மட்டும் பயிற்சிக்குப் போய்விட்டு, சிவில் வழக்கு எதையும் பார்க்க முடியவில்லை என்று திரும்பி வரும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். குற்றவியல் நடுவர் நீதிமன்றங்கள் அப்போதும் நடக்கும். ரிமாண்டும் ஜாமீன் மனுவும் அன்றாடம் வரும். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டமும் அதனுடன் வந்த வேறு இரு சட்டங்களும் நடைமுறைக்கு வந்துவிட்டதால், அதற்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டப் பிரிவும், பின் நடந்ததற்குப் புதிய பிரிவும் ஒரே நாளில் ஒரே அறையில் பேசப்படுவதைக் கேட்கலாம். இரண்டையும் ஒப்பிட்டு எழுதிப் பழக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஆகவே மே மாதம் நடுவர் நீதிமன்றம், வேறொரு விடுமுறையில் முன்சீப் நீதிமன்றம் என்று பிரித்துக்கொள்ளட்டும்.

அங்கே போய் என்ன செய்வது என்பதற்கு விடை, விதிகள் கட்டாயமாக்கியிருக்கும் பயிற்சி நாட்குறிப்பில் இருக்கிறது. இறுதி ஆண்டுகளில் வரும் மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்றம்) தாளில் ஒரு சிவில் விசாரணையையும் ஒரு கிரிமினல் விசாரணையையும் நேரில் கவனித்து எழுதுவதற்கு 30 மதிப்பெண், கட்சிக்காரரிடம் விவரம் கேட்கும் முறைக்கும் நாட்குறிப்புக்கும் சேர்த்து இன்னொரு 30 மதிப்பெண் என்று வகுத்திருக்கிறார்கள். பெரும்பாலான நாட்குறிப்புகளில் நான் படிப்பது இதைத்தான்: "இன்று நீதிமன்றம் சென்றேன். இரண்டு வழக்குகள் ஒத்திவைக்கப்பட்டன. மிகவும் பயனுள்ள நாள்." இதில் நாளும் இல்லை, பயனும் இல்லை. அதே நாளை இப்படியும் எழுதலாம்: "பாகப்பிரிவினை வழக்கு. எதிர்த்தரப்பு வக்கீல் எதிருரை தாக்கல் செய்ய மூன்றாம் முறை வாய்தா கேட்டார். சம்மன் பெற்று 30 நாளுக்குள், நீதிமன்றம் காரணம் எழுதி நீட்டித்தால் 90 நாளுக்குள் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் எட்டாம் கட்டளை முதல் விதி சொல்கிறது. 90 நாள் கடந்தும் எப்படி அனுமதித்தார்கள் என்று சீனியரிடம் கேட்டேன். சேலம் வழக்குரைஞர் சங்க வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படிக்கச் சொன்னார்." ஒரு வாய்தாவிலிருந்து ஒரு கட்டளை, ஒரு தீர்ப்பு, ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. வணிக வழக்குகளில் கெடு கடந்தும் அனுமதிக்கும் இந்தச் சலுகை இல்லை, 120 நாளோடு கதவு மூடிவிடும் என்பதை உங்கள் மகளே அடுத்த வாரம் கண்டுபிடிப்பார். கட்சிக்காரர் பெயரை மட்டும் நாட்குறிப்பில் எழுத வேண்டாம். முந்தைய நாள் மாலையே இ-கோர்ட்ஸ் செயலியில் அந்த வழக்கின் 16 இலக்கச் சி.என்.ஆர். எண்ணைப் போட்டு, இதுவரை என்ன நடந்தது என்று பார்த்துவிட்டுப் போனால் நீதிமன்றத்தில் பேசுவது புரியும்.

இனிக் குறுகிய காலப் படிப்புகள். எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. கையில் ஒரு வேலை இருந்து, அதற்குத் தேவைப்படும்போது படித்தால் பயன் உண்டு. ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். தளத்தில் அறிவுசார் சொத்துரிமை உட்படச் சட்டப் பாடங்கள் வருகின்றன. பாடம் கேட்க ஒரு காசும் வேண்டாம், தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற விரும்பினால் மட்டும் தேர்வுக் கட்டணம். உலக அறிவுசார் சொத்து அமைப்பின் டி.எல்.-101 என்ற பொதுப் பாடம் இலவசம். புது தில்லியிலுள்ள இந்தியச் சட்ட நிறுவனம் சைபர் சட்டத்திலும் அறிவுசார் சொத்துரிமையிலும் மூன்று மாத இணையவழிப் படிப்புகள் நடத்துகிறது. நான்காம் ஆண்டில் இவற்றில் ஒன்று போதும்; அதையும் மேலே சொன்ன ஆறாம் விதிக்கு உட்பட்டதா என்று கல்லூரியில் கேட்டுவிட்டே சேரட்டும். ஆனால் மாவட்ட நீதிமன்றத்தில் தொழில் செய்ய நினைக்கும் பிள்ளைக்கு நான் முதலில் பரிந்துரைக்கும் குறுகிய காலப் படிப்பு, கேட்டால் சிரிப்பீர்கள், உங்கள் ஊர்த் தட்டச்சுப் பயிலகத்தில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் இளநிலைத் தேர்வு. மனுவைத் தானே தட்டச்சு செய்யத் தெரிந்த ஜூனியரை எந்தச் சீனியரும் வீட்டுக்குப் போகச் சொல்ல மாட்டார்.

சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள சட்ட நிறுவனத்தில் சேர்வதுதான் மகளின் விருப்பம் என்றால் வழி வேறு. அங்கே நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பயிற்சியில் செய்த வேலையைப் பார்த்துத்தான் பலருக்கு வேலை கொடுக்கிறார்கள். பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பிழையற்ற ஆங்கிலத்தில் இரண்டு பக்க ஆய்வுக் குறிப்பு ஒன்றை மாதிரியாக வைத்திருக்க வேண்டும். அந்தக் குறிப்பை முன்சீப் நீதிமன்றத்தில் பார்த்த வழக்கிலிருந்தே எழுதலாம் என்பதால், மேலே சொன்னது எதுவும் வீணாகாது. தேசிய மனித உரிமைகள் ஆணையம், இந்தியப் போட்டி ஆணையம் போன்ற அரசு அமைப்புகளும் மாணவர்களைப் பயிற்சிக்கு எடுக்கின்றன. இவற்றுள் எதுவும் மாணவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. பயிற்சி கொடுக்கப் பணம் கேட்பவரிடம் அது எதற்கு என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

படிப்பு முடிந்த பிறகு என்ன என்பதையும் கேட்டிருந்தீர்கள். வழக்குரைஞராகப் பதிவு செய்ய மாநில வழக்குரைஞர் பேரவைகள், சட்டம் குறிப்பிடும் 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களிடம் 125 ரூபாய்க்கு மேல், பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. அகில இந்திய வழக்குரைஞர் தேர்விலும் தேற வேண்டும். சிவில் நீதிபதித் தேர்வு எழுதக் குறைந்தது மூன்றாண்டு வழக்காடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் மீண்டும் கொண்டுவந்தது. நீதிபதிகளிடம் சட்ட எழுத்தராகப் பணியாற்றிய காலமும் அதில் சேரும். எனவே படிப்பு முடிந்த கையோடு நீதிபதித் தேர்வுப் பயிற்சி மையத்தில் பெருந்தொகை கட்டுவதும் இப்போதைக்குத் தேவையற்றது. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தரச் சொல்லி மாநில வழக்குரைஞர் பேரவை சுற்றறிக்கை விட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. எல்லா அலுவலகங்களும் தருகின்றன என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். முதல் இரண்டாண்டு வீட்டிலிருந்து கைச்செலவுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த 18,500 ரூபாயை அதற்காக எடுத்து வையுங்கள். குற்றவியலில் ஆர்வம் இருந்தால், வசதியில்லாத குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும், சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்குரைஞர் அமைப்பில் உதவி நிலைப் பணிக்கு மூன்றாண்டுக்கு உட்பட்ட அனுபவம் உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம். சமரச மையங்களுக்கான 40 மணி நேரப் பயிற்சி அதற்கும் பிறகு, சில ஆண்டுகள் வழக்காடிப் பழகிய பின் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாகக் கறுப்புக் கோட்டு இப்போதே வாங்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். பயிற்சி மாணவருக்கு வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு, மூடிய கறுப்புக் காலணி என்று விதி இருக்கிறது. பெண்களுக்குக் கறுப்பு அச்சுச் சேலையும் முழுக்கை வெள்ளை ரவிக்கையும் மாற்றாக அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. கோட்டு தைத்து வர நாளானால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். சேலையிலேயே திங்கட்கிழமை போகட்டும். கழுத்துப் பட்டையையும் கவுனையும் மட்டும் கடைக்காரர் சேர்த்துக் கட்டிக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவை பதிவு செய்த பிறகு அணிய வேண்டியவை.