‘தி ஹாபிட்’ முன்கதைப் படங்கள் ஒரு ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ ரசிகருக்குப் பிடிக்குமா?

லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் என்றால் உயிர், ஆனால் ஹாபிட் படங்களைப் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள், பார்க்கலாமா, பார்த்தால் எந்த வரிசையில் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பாருங்கள். ஆனால் லார்ட் ஆஃப் தி ரிங்ஸை முடித்த பிறகு பாருங்கள். ஹாபிட் கதை காலத்தால் முந்தியது என்பதற்காக அதிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். காரணம் கீழே வரும். கதை முடிவு வரை எல்லாவற்றையும் பேசப்போகிறேன், அதனால் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

டோல்கீன் ஹாபிட்டை 1937-ல் வெளியிட்டார். சிறுவர்களுக்கான கதை, முந்நூறு பக்கம் சொச்சம். வேளாவேளைக்குச் சாப்பாடும் புகைக்க ஒரு பைப்பும் இருந்தால் போதும் என்று வாழும் பில்போ பேகின்ஸ் என்ற ஹாபிட்டை, மந்திரவாதி கேண்டால்ஃப் 13 குள்ளர்களோடு கோர்த்துவிடுகிறார். ஸ்மாக் என்ற டிராகன் பிடித்து வைத்திருக்கும் மலையையும் புதையலையும் அவர்கள் மீட்க வேண்டும். போகிற வழியில் பில்போவுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. அது எவ்வளவு பெரிய வில்லங்கம் என்று அந்தப் புத்தகத்தை எழுதும்போது டோல்கீனுக்கே தெரியாது. வெறும் மாய மோதிரம், போட்டால் மறைந்துவிடலாம், அவ்வளவுதான்.

முதல் பதிப்பில், மோதிரத்தை வைத்திருந்த குகைவாசியான கோல்லம் அதை விடுகதைப் போட்டியின் பரிசாகத் தருவதாகவே ஒத்துக்கொள்கிறான். தேடிப் பார்த்துக் காணோம் என்றதும் மன்னிப்புக் கேட்டு, வெளியே போக வழியும் காட்டுகிறான்! லார்ட் ஆஃப் தி ரிங்ஸில் மோதிரம் ஆளையே தின்னும் பொருளாகிவிட்ட பிறகு இது ஒட்டவில்லை. அதனால் 1951-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதினார். அதோடு விடவில்லை. 1960-ல் முழு ஹாபிட்டையுமே பெரிய கதையின் தொனியில், பெரியவர்களுக்கான கனத்தோடு திருப்பி எழுத உட்கார்ந்தார். சில அத்தியாயங்கள் எழுதியும் விட்டார். அப்புறம் கைவிட்டுவிட்டார். எழுத எழுத அது ஹாபிட்டாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

டோல்கீன் கைவிட்ட இந்த வேலையைத்தான், லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் படங்களை இயக்கிய பீட்டர் ஜாக்சன் 2012-லிருந்து 2014 வரை மூன்று படங்களாகச் செய்து முடித்தார் என்பது என் கருத்து. இந்தப் படங்களில் எங்கெல்லாம் கதை சின்னதாக, ஒரு அறைக்குள், இரண்டு பேருக்கு நடுவில் நடக்கிறதோ அங்கெல்லாம் அற்புதமாக இருக்கிறது. எங்கெல்லாம் லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் அளவுக்கு ஊதிக்காட்டப் பார்க்கிறதோ அங்கெல்லாம் காற்று இறங்குகிறது.

ஜாக்சனை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. முதலில் இயக்கவிருந்தவர் கில்லர்மோ டெல் டோரோ. எம்ஜிஎம் நிறுவனத்தின் பண நெருக்கடியால் வேலை தள்ளிக்கொண்டே போக, 2010-ல் அவர் விலகினார். ஜாக்சன் ஏறக்குறைய ஓடுகிற வண்டியில் ஏறினார். லார்ட் ஆஃப் தி ரிங்ஸுக்கு வருடக்கணக்கில் கிடைத்த முன்தயாரிப்பு இதற்குக் கிடைக்கவில்லை. இரண்டு படம் என்று ஆரம்பித்தது, முக்கியப் படப்பிடிப்பு முடிகிற நேரத்தில், 2012 ஜூலையில், மூன்று என்று ஆனது. மொத்தம் கிட்டத்தட்ட எட்டு மணி நேரம். புத்தகத்தை நிதானமாகப் படிக்கிறவர்கூட அதே நேரத்தில் முடித்துவிடலாம்.

முதல் படம்தான் எனக்கு மிகப் பிடித்தது. ஆரம்பமே மெதுவாகப் போகிறது என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கோ அந்த விருந்துக் காட்சி இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம். அழைக்காமல் வந்த குள்ளர்கள் பில்போவின் சரக்கறையைக் காலி செய்கிறார்கள், தட்டுகளைத் தூக்கிப் போட்டுப் பிடித்துப் பாடுகிறார்கள், அப்புறம் திடீரென்று விளக்கு மங்கி, இழந்த மலையைப் பற்றி அடிக்குரலில் ஒரு பாட்டு. அதன் வரிகள் டோல்கீனுடையவை. அந்த மெட்டை இசையமைப்பாளர் ஹோவர்ட் ஷோர் பின்னணி இசையில் எடுத்துக்கொண்டு முதல் படம் முழுக்க ஓடவிடுகிறார். அடுத்த இரண்டு படங்களில் அது ஏன் காணாமல் போகிறது என்பது எனக்கு இன்றுவரை ஆதங்கம்.

இவ்வளவு கலகலப்பான காட்சியை எடுத்தபோது கேண்டால்ஃபாக வரும் இயன் மெக்கெல்லன் பெரும்பாலும் தனியாகத்தான் நடித்தார். பழைய படங்களில் கேமரா கோணத்தை வைத்தே கேண்டால்ஃபை உயரமாகவும் ஹாபிட்களைக் குள்ளமாகவும் காட்டினார்கள். அந்த வித்தை 3டியில் பலிக்காது. அதனால் மற்றவர்கள் ஒரு செட்டில், இவர் மட்டும் பச்சைத் திரைக்கு நடுவே, குள்ளர்களின் படங்களைப் பார்த்துக்கொண்டு, காதில் அவர்கள் குரலைக் கேட்டுக்கொண்டு நடிக்க வேண்டியதாயிற்று. இதற்காகவா நடிக்க வந்தேன் என்று மனம் உடைந்து அழுதுவிட்டதாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். அது தெரிந்த பிறகும் எனக்கு அந்தக் காட்சி கூடக் குறையத் தோன்றவில்லை. மனிதர் அப்படி நடித்திருக்கிறார்.

அடுத்து விடுகதைக் காட்சி. மூன்று படத்திலும் சேர்த்து இதற்கு மேல் ஒன்று கிடையாது. ஒரு குகை, ஒரு ஏரி, பில்போவாக மார்ட்டின் ஃப்ரீமன், கோல்லமாக ஆண்டி செர்கிஸ். படப்பிடிப்பே இந்தக் காட்சியோடுதான் தொடங்கியது. தோற்றால் தின்றுவிடுவேன் என்கிறவன் எதிரே நின்று விடுகதை போட வேண்டும். ஃப்ரீமன் அதில் பயத்தையும் மரியாதையையும் ஒரே முகத்தில் வைத்திருக்கிறார். முடிவில் மோதிரத்தைப் போட்டு மறைந்து நிற்கிறான் பில்போ. வழியை அடைத்தபடி கோல்லம். கையில் வாள் இருக்கிறது, கழுத்துக்கு நேராக ஓங்கியும் விட்டான். அப்போது கோல்லத்தின் கண்ணைப் பார்க்கிறான். வசனம் கிடையாது. வாள் இறங்குகிறது, தாண்டிக் குதித்து ஓடுகிறான்.

வரிசையைப் பற்றி நான் சொன்னது இதற்காகத்தான். பில்போ கோல்லத்தைக் கொல்லாமல் விட்டதைப் பற்றி மோரியா சுரங்கத்தில் ஃப்ரோடோவும் கேண்டால்ஃபும் பேசிக்கொள்வதையும், எரிமலைக்குள் கடைசியில் மோதிரம் யாரால் அழிகிறது என்பதையும் முன்பே பார்த்திருந்தால்தான், அந்த ஓங்கிய வாளைப் பார்க்கும்போது வயிற்றில் ஏதோ செய்யும். தெரியாமல் பார்த்தால் நல்ல மனசு, விட்டுவிட்டான் என்று தோன்றும், அவ்வளவே.

பாலினும் அப்படித்தான். வெள்ளைத் தாடிக் கிழவர், குள்ளர்களில் பில்போவிடம் முதலிலிருந்து பரிவாக நடந்துகொள்கிறவர்களில் ஒருவர். லார்ட் ஆஃப் தி ரிங்ஸில், மோரியாவில் கிம்லி என்ற குள்ளன் விழுந்து அழுகிற கல்லறை அவருடையது. ஓரி என்று ஒரு இளம் குள்ளன், எப்போதும் நோட்டுப் புத்தகமும் கையுமாகத் திரிவான். மோரியாவில் கிடைக்கும் பதிவேட்டின் கடைசி வரிகள் அவன் கையெழுத்து என்று லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் புத்தகத்தில் வரும். படத்தில் யாரும் இதை எடுத்துச் சொல்வதில்லை. தெரிந்தவர்களுக்கு மட்டும் குத்தும். முன்கதை என்று எடுத்தால் இப்படித்தான் எடுக்க வேண்டும் என்பேன்.

அதற்கு நேர் எதிர், லார்ட் ஆஃப் தி ரிங்ஸில் வரும் எல்ஃப் வில்லாளி லெகோலஸ். ஹாபிட் புத்தகத்தில் அவன் இல்லவே இல்லை. ரசிகர்களுக்குத் தெரிந்த முகம் வேண்டும் என்று கொண்டுவந்தார்கள், சரி. ஆனால் அவன் சாகமாட்டான் என்று நமக்குத் தெரியும். அப்படிப்பட்டவனை இடிந்து விழும் கற்களின் மேல் படிப்படியாகத் தாவி ஏறவிட்டால் எனக்கு எப்படிப் பதறும்? வீடியோ கேமில் யாரோ பட்டனைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. டாரியல் என்ற எல்ஃப் பெண் படத்துக்காகவே உருவாக்கப்பட்டவள். பெண்களே இல்லாத கதையில் ஒருத்தி வேண்டும் என்ற எண்ணத்தில் எனக்குக் குறை இல்லை, எவாஞ்சலின் லில்லியும் நன்றாகவே செய்திருக்கிறார். முக்கோணக் காதல் வேண்டாம் என்ற நிபந்தனையோடுதான் அவர் ஒப்புக்கொண்டாராம். பிறகு எடுத்த கூடுதல் காட்சிகளில் அதுவே வந்து சேர்ந்தது.

எதிரிப் படையான ஓர்க்குகள் என்ற அரக்கர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய படங்களில் அவை முகமூடியும் ஒப்பனையும் போட்ட மனிதர்கள், அந்த வியர்வை நமக்குத் தெரியும். இங்கே தலைமை வில்லன் அஸோக் முழுக்கக் கணினி வரைகலை. ஒரு இடத்தில்கூட எனக்கு அவனிடம் பயம் வரவில்லை. புத்தகப்படி இந்தக் கதை தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே அவன் செத்துப்போனவன் என்பது வேறு. வினாடிக்கு 48 சட்டகம் என்ற புதுமையைப் பற்றி அப்போது பெரிய சண்டை நடந்தது, டிவி சீரியல் மாதிரி இருக்கிறது என்றார்கள். நான் பார்த்தது வழக்கமான 24 சட்டக வடிவம், அதனால் அந்தப் பஞ்சாயத்தில் நான் இல்லை.

இரண்டாவது படத்தை ஸ்மாக்குக்காகப் பாருங்கள். பெனடிக்ட் கம்பர்பேட்ச் குரல் மட்டும் கொடுக்கவில்லை, மோஷன் கேப்சர் உடையில் தரையில் ஊர்ந்து நடித்தார். ஷெர்லாக் தொடரில் ஹோம்ஸும் வாட்சனுமாக இருந்தவர்கள் இங்கே டிராகனும் திருடனுமாகப் பேசிக்கொள்கிறார்கள் என்பது தனி ருசி. தங்கக் குவியலுக்கு நடுவே பில்போ முகஸ்துதி செய்து செய்தே உயிரைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறான். கொஞ்சம் பெருமை தலைக்கேறி, தன்னைப் பீப்பாய்க்காரன் என்று சொல்லிக்கொள்கிறான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஸ்மாக் ஏரி நகரம் வரை போய்விடுகிறது. அதற்குப் பிறகு உருகிய தங்கம், பிரமாண்டச் சிலை என்று புத்தகத்தில் இல்லாத ஒரு துரத்தல் வருகிறது. அந்த நேரம் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வரலாம், ஒன்றும் குடி முழுகிவிடாது.

மூன்றாவது படம் போர். புத்தகத்தில் இந்தப் போர் சில பக்கம்தான், அதிலும் பில்போ தலையில் கல் பட்டு மயங்கி விழுந்து, எல்லாம் முடிந்த பிறகுதான் கண் விழிக்கிறான். படத்தில் கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் அதுவே. இருந்தாலும் இரண்டு இடங்களுக்காக மறுபடி மறுபடி பார்க்கிறேன். பேராசையில் புத்தி பேதலித்துப்போன குள்ளர்களின் தலைவன் தோரின், பில்போவின் கையில் எதையோ பார்த்துச் சந்தேகப்பட்டு அதட்டுகிறான். கையைத் திறந்தால் ஒரு ஓக் விதை. ஊருக்குப் போய் நட்டுவைக்க என்று எடுத்து வைத்திருக்கிறானாம். அந்த ஒரு நிமிடம் தோரின் பழைய தோரினாகச் சிரிக்கிறான். இது புத்தகத்தில் கிடையாது, படத்தின் சொந்தச் சரக்கு. திரைக்கதையாளர்களை நான் முழுதாகத் திட்ட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று, தோரின் செத்த பிறகு கேண்டால்ஃப் வந்து பில்போ பக்கத்தில் உட்கார்ந்து பைப்பைச் சுத்தம் செய்கிற காட்சி. இருவரும் பேசிக்கொள்வதே இல்லை.

எந்தப் பதிப்பைப் பார்ப்பது என்றால், முதல் படத்துக்குத் தியேட்டர் பதிப்பே போதும். மூன்றாவதுக்கு மட்டும் நீட்டித்த பதிப்பைத் தேடிப் பிடியுங்கள். இத்தனை மணி நேரம் கூட வந்த தோரினின் இறுதிச்சடங்கு அதில்தான் இருக்கிறது, தியேட்டர் பதிப்பில் வெட்டிவிட்டார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மட்டும் கவனம். போர்க்காட்சிகளின் ரத்தக்களரிக்காக அந்தப் பதிப்புக்கு அமெரிக்காவில் ‘ஆர்’ சான்றிதழ், அதாவது 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம் என்ற சான்றிதழ், கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்காக எழுதிய புத்தகத்துக்கு!