கட்டிலருகே ஒரு ஸ்டூல்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு படைச் செவிலியரின் பதில்கள்

22 ஆண்டுகள் ராணுவ மருத்துவமனைகளில் செவிலியராக இருந்துவிட்டு இந்தப் பகுதியை எழுத வந்தவள் நான். வழக்கமாக உடல்நலக் கேள்விகள்தான் வரும். இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் படைவீரர்களைப் பற்றியும், அவர்களை மறந்துபோகும் அரசியல்வாதிகளைப் பற்றியும் பேசுகின்றன. மாத்திரை, மருந்துக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன்.

எல்லைக்குப் புறப்பட்ட படைப்பிரிவை வழியனுப்ப மழையில் இரண்டு மணி நேரம் நின்றோம். வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அழைப்பை நேரில் கொடுத்தும் எங்கள் தொகுதியின் பிரதிநிதி வரவில்லை. மேடையில் அவர் பெயர் ஒட்டிய நாற்காலி கடைசிவரை காலியாகவே இருந்தது. நான் கோபப்படுவது சரிதானா?
— ஒரு சிப்பாயின் தாய்

சரிதான் அம்மா. அந்தக் கோபத்தைத் தணித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

சிப்பாய் தன் விருப்பப்படி எங்கும் போவதில்லை. உத்தரவு வருகிறது, மூட்டை கட்டுகிறான். அந்த உத்தரவைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் ஓர் அவையும் சில கையெழுத்துகளும் இருக்கும். கையெழுத்துப் போட்டவர்கள் போகிறவன் முகத்தை ஒரு முறையாவது பார்க்க வேண்டும். பெற்றவள் மழையில் நிற்க முடியும் என்றால் அவர்களாலும் முடியும்.

ஆனால் விழா மேடை நாற்காலியைவிட வேறோர் இருக்கைதான் என் மனதில் இருக்கிறது. எங்கள் வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் ஓர் இரும்பு ஸ்டூல் உண்டு. வெள்ளைப் பெயின்ட் உரிந்திருக்கும். காலில் ரப்பர் தேய்ந்துபோனதால் இழுத்தால் கிறீச்சிடும். ஒருமுறை பெரிய பதவியில் இருந்த ஒருவர் காயம்பட்டவர்களைப் பார்க்க வந்தார். முதல் நாளே போர்வைகளை எல்லாம் மாற்றினோம். படம் எடுக்க இடைஞ்சல் என்று ஸ்டூல்களைக் கட்டிலுக்கடியில் தள்ளச் சொன்னார்கள், தள்ளினோம். 32 கட்டில்களை அவர் 11 நிமிடத்தில் கடந்தார். ஜன்னலோரக் கட்டிலில் இரண்டு கண்களிலும் கட்டுப் போட்ட பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவனிடம் பூங்கொத்தை நீட்டினார். அவனுக்கு எப்படித் தெரியும்? பூங்கொத்து அந்தரத்தில் நின்றது. கேமரா பளிச்சிட்டது. நான்தான் வாங்கி அவன் மடியில் வைத்தேன். எல்லாரும் போன பிறகு அவன் கேட்டான்: "யார் சிஸ்டர் வந்தது?"

அன்று அவர் வாய் திறந்து தன் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

ஆகவே உங்கள் பிரதிநிதிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். விழாவுக்கு ஏன் வரவில்லை என்று கேளுங்கள். அதற்குக் கீழே இன்னொரு கேள்வியையும் சேருங்கள்: காயம்பட்ட ஒரு வீரரின் பக்கத்தில் கடைசியாக எப்போது உட்கார்ந்தீர்கள்? தேதி போட்டு அனுப்புங்கள். நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீரர்களுக்காகக் கூடும் இடத்தில் "அந்த அமைச்சர் எங்கே, இந்த உறுப்பினர் எங்கே" என்று குரல் எழுப்புவது, வீரர்களை அரசியலுக்குள் இழுப்பதாகிவிடாதா?
— கல்லூரி மாணவர் ஒருவர்

எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்பதைப் பொறுத்தது. உங்களுக்கு ஓர் ஊரின் கதையைச் சொல்கிறேன். எனக்கு மிகப் பிடித்த கதை.

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் வூட்டன் பாசெட் என்று ஒரு சிறு நகரம். பக்கத்தில் அப்போது லைனம் என்ற விமானப்படைத் தளம் இருந்தது. 2007 ஏப்ரலில் பிரைஸ் நார்ட்டன் என்ற இன்னொரு விமானப்படைத் தளத்தின் ஓடுபாதையில் வேலை நடந்ததால், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இறந்த பிரிட்டிஷ் வீரர்களின் உடல்கள் லைனத்தில் வந்து இறங்கத் தொடங்கின. அங்கிருந்து ஆக்ஸ்போர்டு மருத்துவமனைக்குப் போகும் வழி இந்த நகரத்தின் கடைவீதி. முதலில் முன்னாள் படைவீரர் சங்கத்தைச் சேர்ந்த சிலர் மட்டும் சாலையோரம் நின்று வணங்கினார்கள். அதைப் பார்த்துக் கடைக்காரர்கள் வெளியே வந்தார்கள். பிறகு பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்தார்கள். யாரும் உத்தரவிடவில்லை, மேடை இல்லை, பேச்சு இல்லை. புனித பர்த்தலோமியு தேவாலயத்தின் மணி ஒலிக்கும். ஊர்திகள் மெல்ல நகரும். குடும்பத்தார் பூ வைப்பார்கள். அவ்வளவுதான். 2011 ஆகஸ்ட் வரை 167 முறை, 345 உடல்களுக்காக அந்த மக்கள் அப்படி நின்றார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் நகரத்தின் பெயருக்கு முன்னால் "ராயல்" என்ற பட்டம் சேர்ந்தது.

167 முறை! நான்கு ஆண்டுகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். சில மாதங்களில் வாரத்துக்கு ஒரு முறைக்கும் மேல் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வெளியே வந்து நின்றிருக்கிறார்கள்.

அந்தத் தெருவில் ஊர்தி நகரும் நேரத்தில் கோஷம் எழுப்பக் கூடாது என்பதே என் கருத்தும். அந்த நேரம் இறந்தவனின் தாய்க்கு உரியது. ஆனால் ஊர்தி போன பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. கனடாவில் 2006ஆம் ஆண்டு, இறந்த வீரர்களின் சவப்பெட்டிகள் டிரென்டன் விமானப்படைத் தளத்தில் இறங்குவதைப் பத்திரிகைகள் படம் எடுக்கக் கூடாது என்று அரசு தடை போட்டது. எதிர்ப்பு பலமாக எழுந்ததும், குடும்பத்தின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறோம் என்று இறங்கிவந்தது. அதே டிரென்டனிலிருந்து டொரன்டோ போகும் 401ஆம் எண் நெடுஞ்சாலையின் மேம்பாலங்களில் மக்கள் கொடியோடு நிற்பது 2002லிருந்தே நடந்துவந்தது. 2007இல் அந்தச் சாலைப் பகுதிக்கு "மாவீரர் நெடுஞ்சாலை" என்ற பெயரே வந்தது. பாலத்தின் மேல் மௌனமாக நிற்பதும், இறங்கிவந்து அரசைத் தட்டிக் கேட்பதும் ஒரே மக்களால் முடியும். இரண்டும் வீரனுக்குச் செய்யும் மரியாதைதான்.

கேமராவுக்காக வருகிற தலைவர்கள் வராமலேயே இருந்துவிடலாமே?
— ஓய்வுபெற்ற ஆசிரியர்

அந்தப் பூங்கொத்தை வாங்கி வைத்த அன்று நானும் இப்படித்தான் நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை.

கண்ணுக்குத் தெரியாததாலேயே வராதவர் என்று முடிவுகட்ட முடியாது. ஈராக் போரின்போது, இறந்த வீரர்களின் இறுதிச் சடங்குகளுக்குப் போவதில்லை என்று அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் கடுமையாக விமர்சிக்கப்பட்டார். அவர் போகாதது உண்மைதான். ஆனால் நூற்றுக்கணக்கான குடும்பங்களைக் கதவை மூடிக்கொண்டு தனியாகச் சந்தித்திருக்கிறார். அதே காலத்தில் டோவர் விமானப்படைத் தளத்தில் சவப்பெட்டிகள் இறங்குவதைப் படம் எடுக்கத் தடையும் இருந்தது. 1991இல் போடப்பட்ட அந்தத் தடையை 2009இல்தான் நீக்கினார்கள். கதவை மூடிக்கொண்டு அழுவதை நான் மதிக்கிறேன். சவப்பெட்டிகளை மக்கள் பார்க்கவிடாமல் கதவை மூடுவதை என்னால் ஏற்க முடியாது. போருக்கு என்ன விலை என்பதை அதற்கு வாக்களித்த மக்கள் பார்த்தே ஆக வேண்டும்.

வந்து நிற்பதற்கும் வந்து உட்காருவதற்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஒரு பழைய சம்பவம் இருக்கிறது. முதல் உலகப் போரில் போரிட்ட அமெரிக்க வீரர்களுக்கு 1924இல் ஒரு போனஸ் அறிவித்தார்கள். ஆனால் கையில் கிடைப்பது 1945இல். பொருளாதாரம் சரிந்து வேலையில்லாமல் தவித்தவர்கள், "இப்போதே கொடுங்கள்" என்று 1932இல் ஆயிரக்கணக்கில் வாஷிங்டனுக்கு வந்து குடிசை போட்டுத் தங்கினார்கள். அதிபர் ஹூவரின் அரசு அவர்களை ராணுவத்தை வைத்தே விரட்டியது. கண்ணீர்ப்புகை, குதிரைப்படை, டாங்கிகள். குடிசைகள் எரிந்தன. அடுத்த ஆண்டு ரூஸ்வெல்ட் பதவிக்கு வந்ததும் மறுபடியும் வந்தார்கள். இம்முறை அவர்களைப் பார்க்க ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினோர் போனார். சேற்றில் நடந்து, அவர்களோடு பேசி, சேர்ந்து பாடினார். ஹூவர் ராணுவத்தை அனுப்பினார், ரூஸ்வெல்ட் மனைவியை அனுப்பினார் என்று அந்த வீரர்களிடையே ஒரு பேச்சே பிறந்தது.

ஆனால் போனஸ்? அதை ரூஸ்வெல்ட்டும் எதிர்த்தார். 1936இல் அவருடைய மறுப்பை மீறி நாடாளுமன்றம் நிறைவேற்றிய பிறகுதான் பணம் வந்தது. சேற்றில் இறங்கி வந்தவருக்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் பணம் கைக்கு வரும்வரை விடாதீர்கள்.

எங்கள் வார்டுக்கும் அப்படி ஒருவர் வந்தார். சிறிய பதவிதான், துணைக்கு யாரும் இல்லை. கட்டிலுக்கடியிலிருந்து ஸ்டூலை இழுத்தார். அது போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. முழங்காலுக்குக் கீழே காலை இழந்த ஒருவரோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். உதவித்தொகைக் கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்டு, எண்ணைச் சட்டைப் பையிலிருந்த பஸ் டிக்கெட்டின் பின்புறம் குறித்துக்கொண்டார். மூன்றாவது வாரம் பணம் வந்தது. அவர் எந்தக் கட்சி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் இந்தப் போரை எதிர்க்கிறேன். வீரர்களை மட்டும் ஆதரிக்க எனக்குத் தகுதி உண்டா?
— பெயர் சொல்ல விரும்பாத வாசகி

உண்டு. போரை முடிவுசெய்தது வீரன் அல்ல. என் வார்டில் படுத்திருந்தவர்களிலேயே போரை வெறுத்தவர்கள் பலர் இருந்தார்கள்.

என் கணவரை வழியனுப்ப ஊரே வந்தது. மாலை, மேளம், கொடி எல்லாம் இருந்தன. ஒரு காலோடு திரும்பி வந்தபோது முதல் மாதம் ஆட்கள் வந்தார்கள். இப்போது இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அரசியல்வாதிகள் வராததை நான் பெரிதாக நினைக்கவில்லை. கொடி பிடித்த பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கே போனார்கள்?
— ஒரு வீரரின் மனைவி

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதலில் எழுத வேண்டிய பதில் இதுதான், பின்னால் தள்ளியதற்கு மன்னியுங்கள்.

நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. போகிறவனுக்குக் கூட்டம் சேரும், திரும்பி வருகிறவனுக்குக் குறையும், குணமாகிக்கொண்டிருப்பவனுக்கு இல்லாமலே போய்விடும். 2007 பிப்ரவரியில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ், அந்த நகரில் அப்போது இருந்த வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையைப் பற்றி எழுதியது. தலைவர்களும் நட்சத்திரங்களும் வந்து கைகுலுக்கிப் போன மருத்துவமனை அது. அதன் எதிர்ப்புறம், சாலையைத் தாண்டி, 18ஆம் எண் கட்டடம். வார்டிலிருந்து விடுவிக்கப்பட்டுச் சிகிச்சையைத் தொடர்ந்துகொண்டிருந்த வீரர்கள் அங்கே தங்கியிருந்தார்கள். சுவரில் பூஞ்சை, அறைக்குள் எலி. நிரப்ப வேண்டிய படிவங்களுக்கு முடிவே இல்லை. செய்தி வந்ததும் கூச்சல் கிளம்பி, மார்ச் மாதமே ராணுவத் துறைச் செயலர் பதவி விலக நேர்ந்தது. சாலையைத் தாண்டிப் போய்ப் பார்க்க எவருக்கும் தோன்றாமல் போனதே, அதை நினைத்தால் ஒரு செவிலியாக எனக்கு இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

வேறு மாதிரி மனிதர்களும் இருக்கிறார்கள் என்பதற்காக ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பேங்கர் விமான நிலையம். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்க் காலத்தில், போர்முனைக்குப் போன விமானங்களும் திரும்பிய விமானங்களும் அங்கே எரிபொருள் நிரப்ப இறங்கின. உள்ளூர் முதியவர்கள், பாதிப்பேர் பழைய வீரர்கள், நள்ளிரவு இரண்டு மணியானாலும் வந்து வரிசையாக நின்று கைகுலுக்குவார்கள், வீட்டுக்குப் பேசக் கைபேசி கொடுப்பார்கள். 10 லட்சத்துக்கும் அதிகமான வீரர்களை அப்படி வரவேற்றிருக்கிறார்கள். போகிறவருக்கும் திரும்புகிறவருக்கும் ஒரே வரிசை.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் மற்றவர்களிடம் கேட்கிறேன். உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருக்கிறதா? கும்பலாகப் போகாதீர்கள். ஒருவர் போங்கள். செயற்கைக் காலின் பட்டை உராய்ந்து புண்ணாகும் நாட்களில் அவரால் வெளியே வர முடியாது. அன்று வங்கிக்கோ மருந்துக்கடைக்கோ அவருக்காகப் போய்வர முடியுமா என்று கேளுங்கள். அவர் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் சும்மா உட்கார்ந்திருங்கள். அடுத்த வாரமும் போங்கள்.

அம்மா, உங்கள் கணவரின் கோப்பு எங்காவது நிற்கிறதென்றால் எண்ணை எனக்கு எழுதி அனுப்புங்கள். நான் உங்களோடு வந்து கேட்கிறேன்.

எங்கள் பள்ளியில் ராணுவ வீரர்களுக்குக் கடிதம் எழுதச் சொன்னார்கள். "நாட்டைக் காக்கும் வீரரே" என்று தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை. என்ன எழுதலாம்?
— ஆறாம் வகுப்பு மாணவி

நீ இன்று காலை பார்த்ததை எழுது கண்ணே. கண்ணில் கட்டுப் போட்டிருந்த அண்ணனைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அவனுக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதக் கட்டு வந்தது. தினமும் மாலை நான் வாசித்துக் காட்டுவேன். "வீரரே, வணக்கம்" என்று தொடங்கியவற்றைப் பேசாமல் கேட்டுக்கொண்டான். ஒரு கடிதத்தில் ஒரு பையன், தன் வீட்டு நாய் குட்டி போட்டிருப்பதாகவும் நான்காவது குட்டிக்கு மட்டும் வால் பாதிதான் இருப்பதாகவும் எழுதியிருந்தான். "மறுபடி வாசியுங்கள் சிஸ்டர்" என்றான். வாசித்தேன். பாதி வால் என்றால் எவ்வளவு நீளம் என்று கேட்டான். அந்தக் கடிதத்தில் நாயின் படமும் இருந்தது, மெழுகு வண்ணத்தில். அவன் விரலைப் பிடித்து அந்தக் கோட்டின் மேல் நகர்த்திக் காட்டினேன்.