கை ஆறியிருக்கையில் எய்யும் முதல் அம்பு

கேள்வி: மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் அருகே வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளாகக் காம்பவுண்ட் வில் (முனைகளில் சக்கரங்கள் பொருத்திய வில்) பழகி வருகிறேன். மாலை வேளைகளில் வீட்டுப் பின்புறத்தில் 40, 50 அம்புகள் எய்கிறேன்; 30 கஜத்தில் பெரும்பாலான அம்புகள் உள்ளங்கை அகலத்துக்குள் விழுகின்றன. ஆனால் சென்ற அக்டோபரில் வேட்டைக்காக மரத்தில் கட்டிய பரண்மேல் இருந்தபோது, 22 கஜத்தில் நின்ற மானை நோக்கி எய்த அம்பு அதன் முதுகுக்கு மேலே போய்விட்டது. பயிற்சி அம்புகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டுமா? இங்குள்ள வேட்டைக்காரர்கள் ‘கோல்ட் ஷாட்’ என்று சொல்லும் ஒற்றை அம்புப் பயிற்சியால் பயன் உண்டா?

பதில்: எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம். 30 கஜத்தில் உள்ளங்கைக்குள் அம்புகளைச் சேர்க்கத் தெரிந்தவருக்கு எய்யும் முறையில் பெரிய கோளாறு இருக்க வாய்ப்பில்லை. நீங்கள் இதுவரை கணக்கில் எடுத்துக்கொண்டது வேட்டைக்கு உதவாத அம்புகளை, அதுதான் சிக்கல். நேற்று மாலை நீங்கள் எய்த ஐம்பதில் முதல் அம்பு எங்கே விழுந்தது என்று நினைவிருக்கிறதா? அநேகமாக இருக்காது. மற்ற ஐந்து அம்புகளோடு சேர்த்து அதையும் பிடுங்கி அம்புக்கூட்டில் போட்டிருப்பீர்கள். அந்த ஐம்பதில் காட்டில் எய்யப்போகும் அம்புக்கு ஒப்பானது அது ஒன்று மட்டுமே.

ஓய்வுக்குப் பின் செய்யும் முதல் முயற்சி, தொடர்ந்து செய்யும் முயற்சிகளைவிடச் சற்றுத் தரம் குறைந்திருப்பதை உடல் திறன்கள் கற்கப்படும் விதத்தை ஆராய்கிறவர்கள் நெடுங்காலமாகவே கவனித்து, அதற்கு ‘வார்ம்-அப் டிக்ரிமென்ட்’ என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். கற்ற திறன் மறந்துபோவதால் இது நேர்வதில்லை. மூச்சின் போக்கு, பிடியின் அழுத்தம், பார்வை நிலைகொள்ளும் விதம் ஆகியவை பழைய ஒழுங்குக்குத் திரும்பச் சிறிது நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான். மூன்றாவது நான்காவது அம்புக்குள் கை சூடு பிடித்துவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. முதல் அம்பு இரண்டு அங்குலம் இடப்பக்கம் போனால், நீங்கள் அறியாமலே உங்கள் கை அடுத்த அம்பைச் சரிசெய்துகொள்கிறது. ஆகவே நெருக்கமாக விழுந்த அம்புக் கூட்டம், முன்னைய அம்பைப் பார்த்து எவ்வளவு நன்றாகத் திருத்திக்கொள்கிறீர்கள் என்பதைத்தான் காட்டுகிறது. வெறுமையிலிருந்து எப்படித் தொடங்குகிறீர்கள் என்பதை அது காட்டாது. மான் அந்தத் திருத்தத்துக்கு இடம் தருவதில்லை.

இதோடு பரணின் சூழலையும் சேர்த்துப் பாருங்கள். விடியலுக்கு முன்பே ஏறி, அசையாமல் இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்கள். தோள் இறுகியிருக்கும், விரல் நுனிகள் மரத்திருக்கும், தடித்த மேலங்கி வில் பிடித்த கையின் முன்பகுதியில் புடைத்துக்கொண்டு நாணின் வழியில் குறுக்கிடும், முகமூடித் துணி தாடையில் கை பதியும் இடத்தை மாற்றிவிடும். 60 பவுண்டு வில்லில் நாணை முழுவதும் இழுத்த பிறகு, 80 விழுக்காடு தளர்வுடைய வில்லாக இருந்தால், கையில் தாங்க வேண்டியது 12 பவுண்டுதான். ஆனால் அந்த நிலையை எட்டுவதற்குமுன் முழு 60 பவுண்டையும் ஆறிய தோள் ஒரே இழுப்பில் கடந்தாக வேண்டும். டி-ஷர்ட் அணிந்து சமதரையில் நின்று எய்த நாற்பதாவது அம்பு இவற்றில் எதையும் உங்களுக்குக் கற்றுத் தந்திருக்காது.

உங்கள் அம்பு மேலே போனதற்கு ஏற்ற காரணங்கள் பல உண்டு. நொடிக்கு 280 அடி வேகத்தில் செல்லும் அம்பு 22 கஜத்தைக் கடக்க ஏறத்தாழ 0.24 நொடி ஆகும். நாணின் ஒலியோ 0.06 நொடியில் மானை எட்டிவிடும். ஒலி கேட்டுத் திடுக்கிடும் வெண்வால் மான், பாய்ந்தோடுவதற்காக முதலில் கால்களை மடக்கித் தாழ்கிறது. நேராகக் குறிவைத்த அம்பு அதன் மேலாகப் போய்விடுகிறது. வில்லில் தூரத்துக்கு ஒன்றாகக் குறிபார்க்கும் முட்கள் உண்டு; பதற்றத்தில் 20 கஜத்துக்கான குறிமுள்ளுக்குப் பதிலாக 30 கஜத்துக்கான குறிமுள்ளை வைத்திருந்தால், அந்த ஒரு பிழையாலேயே அம்பு சுமார் மூன்று அங்குலம் உயர்ந்துவிடும். பரணிலிருந்து கீழ்நோக்கி எய்யும்போது இடுப்பில் வளையாமல் வில் பிடித்த கையை மட்டும் தாழ்த்தியிருந்தால், இழுப்பின் நீளமும் கண் பார்க்கும் கோணமும் மாறியிருக்கும். கடைசியாக, அம்பு எங்கே போகிறது என்று பார்க்கும் ஆவலில், நாண் விடுபடும் கணத்தில் தலையைத் தூக்கியிருக்கலாம். இவற்றில் எது நடந்தது என்பதை ஒரே ஓர் அம்பை வைத்துச் சொல்ல முடியாது. முப்பது முதல் அம்புகளின் பதிவு இருந்தால் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

எனவே ஒற்றை அம்புப் பயிற்சியை ஆகஸ்ட் முதல் வாரத்தில் தொடங்குங்கள். நாளுக்கு ஓர் அம்பு. அலுவலகம் கிளம்பும் முன்போ, திரும்பி வந்து காரைவிட்டு இறங்கியவுடனோ, வில்லைக் கையில் எடுங்கள். வெறும் நாணை இழுத்துப் பார்ப்பதுகூட வேண்டாம். இலக்குப் பொம்மையை முந்தைய நாள் மாலையே வேறோர் இடத்தில் வைத்துவிடுங்கள். தூரத்தை முதலில் கண்ணால் கணியுங்கள், பிறகு தூரம் அளக்கும் கருவியான ரேஞ்ச்ஃபைண்டரால் சரிபாருங்கள். வட்டம் வரைந்த பலகையைவிட மான் வடிவ நுரைப் பொம்மையே நல்லது. அதன் உடலில் வட்டம் எதுவும் வரையாமல், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே ஒரு கீறலையோ நிறத் திட்டையோ தேர்ந்தெடுத்து அதைக் குறிவையுங்கள். எய்யுங்கள். நடந்து போய், குறியிலிருந்து எத்தனை அங்குலம், எந்தப் பக்கம் என்று அளந்து எழுதுங்கள். பிறகு வில்லைப் பெட்டியில் வைத்து மூடிவிடுங்கள்.

வில்லைப் பெட்டியில் வைப்பதுதான் இந்தப் பயிற்சியின் உயிர்நாடி. பலரும் தவறுவதும் இந்த இடத்தில்தான். அம்பு ஐந்து அங்குலம் விலகி நிற்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் திரும்புவது எளிதன்று. இன்னோர் அம்பு எய்தால் நடுவில் விழும், மனம் ஆறிவிடும். அப்படி மனம் ஆறிவிட்டால் அந்த ஐந்து அங்குலம் உங்களுக்கு எதையும் கற்றுத் தராது. மறுநாள் காலை வரை அது உள்ளே உறுத்திக்கொண்டே இருக்கட்டும். பிடியை எங்கே இறுக்கினோம், மூச்சை எங்கே விட்டோம் என்று பகல் முழுவதும் மனம் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கும், மறுநாள் நாணை இழுக்கும் கணத்தில் அந்த எண்ணம் கைக்கு வந்து சேரும். பதினைந்து ஆண்டுகளாகப் பிறருக்கு வில் பழக்கி வருகிறேன். ஒருவர் நாள்தோறும் ஐம்பது அம்பு எய்வதால் அடையும் மாற்றத்தைவிட, ஓர் அம்பை எய்துவிட்டு அடுத்ததை எய்யாமல் இருப்பதால் அடையும் மாற்றம் பெரிது என்பது என் உறுதியான கருத்து.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை சில சொற்களே. என்னுடையதில் இருந்து ஒரு வரி: ‘செப்டம்பர் 12, காலை 6.50, 4 டிகிரி, பரணில் அமர்ந்தபடி, தடித்த அங்கி, 26 கஜம், 4 அங்குலம் இடப்பக்கம், நாண் சட்டைக் கையில் உரசியது.’ அந்த மாதத்தில் நான் எய்த 28 முதல் அம்புகளில் நான்கு அம்புகள் மட்டும் வெகுவாக விலகியிருந்தன. நான்கும் ஒரே பக்கம், நான்கிலும் அதே அங்கி. முன்கையில் இறுக்கமான உறை ஒன்றை அணிந்த பிறகு அந்த விலகல் மறைந்தது. மாலைப் பயிற்சியில் அந்த அங்கியை நான் ஒருமுறைகூட அணிந்ததில்லை என்பதால், குறிப்பேடு இல்லாதிருந்தால் அந்தக் கோளாற்றை முதன்முதலாக ஒரு மானின் உடலில்தான் கண்டிருப்பேன். உங்கள் பதிவில் விலகல்கள் பெரும்பாலும் மேல்நோக்கியே இருந்தால் குறிமுள்ளையும், இடுப்பு வளைவையும், தலை தூக்கும் பழக்கத்தையும் ஆராயுங்கள். பதிவில் அப்படி எந்தச் சாய்வும் தென்படாவிட்டால், அக்டோபரில் மான் தாழ்ந்திருக்கவே வாய்ப்பு மிகுதி.

இந்தப் பதிவின் தலையாய பயன், எந்தத் தூரம் வரை எய்யலாம் என்பதை அது முடிவுசெய்து தருவதாகும். வெண்வால் மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதி பக்கவாட்டில் ஏறத்தாழ எட்டு முதல் பத்து அங்குல விட்டமுள்ளது. எட்டு அங்குலத் தட்டு என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. எந்தத் தூரத்தில் உங்கள் முதல் அம்புகள் அனைத்தும் அந்தத் தட்டுக்குள் விழுகின்றனவோ அதுவே உங்கள் எல்லை. பெரும்பாலான அம்புகள் விழுந்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். முப்பது அம்புகளில் முப்பதும் உள்ளே விழுந்தாலும்கூட, பத்தில் ஒன்று தவறக்கூடும் என்ற வாய்ப்பைப் புள்ளியியல் கணக்கு முழுமையாக விலக்கிவிடுவதில்லை. முப்பதில் இருபத்தேழு என்றால் நிலைமை எப்படி என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பலருக்கு மாலைப் பயிற்சியின் அம்புக் கூட்டம் 40 கஜம் என்று சொல்லும், முதல் அம்புக் குறிப்பேடு 25 என்று சொல்லும். குறிப்பேட்டையே நம்புங்கள். வேட்டையில் என் ஐந்தாம் ஆண்டில் 38 கஜத்தில் ஒரு மானை எய்து, வயிற்றில் காயப்படுத்தி, இரண்டு நாள் தேடியும் கிடைக்காமல் திரும்பினேன். அந்தத் தூரத்தில் மாலைதோறும் எனக்கு அம்புகள் நன்றாகவே சேர்ந்துகொண்டிருந்தன.

ஒற்றை அம்பு மட்டுமே போதும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். எய்யும் முறையைச் செப்பனிட மறுசெய்கை தேவை. வாரத்தில் இரண்டு மூன்று நாள், காலை அம்பை எழுதி முடித்து நெடுநேரம் கழிந்த பிறகு, இருபது இருபத்தைந்து அம்புகள் எய்யலாம். அதிலும் பாதியை ஐந்து கஜத்தில், குறி எதுவும் இல்லாத வெற்றுப் பலகையில் எய்து, நாணை விடுவிக்கும் கருவியான ரிலீஸைத் தட்டிவிடாமல் முதுகுத் தசையால் இழுத்து விடும் உணர்வைப் பழக்கிக்கொள்ளுங்கள். களைப்பு தட்டியவுடன் நிறுத்திவிடுங்கள். செப்டம்பர் நடுப்பகுதிக்குப் பின் இதையும் குறைத்துக்கொண்டு, ஒற்றை அம்புகளுக்கே முதலிடம் தரலாம்.

தோள்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆறிய உடலோடு நாணை இழுக்க, வில்லை வானத்தை நோக்கித் தூக்க வேண்டியிருந்தால், அந்த இழுவிசை உங்களுக்கு அதிகம். நாற்காலியில் அமர்ந்து, பாதங்களைத் தரையிலிருந்து உயர்த்தி, வில்லை இலக்கை நோக்கி நேராக நீட்டியபடி ஓசையின்றி இழுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஐந்து அல்லது பத்து பவுண்டு குறைத்துவிடுங்கள். கூரிய முனையும் சரியான இடத்தில் படுதலும் இருந்தால் வெண்வால் மானுக்கு 50 பவுண்டே போதும். தோளில் ஏற்கெனவே வலி உள்ளவர்கள், வில்லைத் தொடாமல் கைகளை மட்டும் சுழற்றி இலகுவாக்கிக்கொண்ட பிறகே எய்ய வேண்டும்.

செப்டம்பரின் கடைசி இரண்டு வாரங்களில் முதல் அம்பை வேட்டை முனையோடே எய்யுங்கள். அகன்ற அலகுகள் கொண்ட பிராட்ஹெட் முனை, பயிற்சி முனை செல்லும் அதே இடத்துக்குச் செல்லும் என்பதற்கு உறுதி கிடையாது, வில் நுணுக்கமாகச் சரிசெய்யப்படவில்லையென்றால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். பயிற்சிக்குப் பயன்படுத்திய அலகுகளை மாற்றிவிட்டே காட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். வீட்டுப் பின்புறத்தில் எய்வதற்கு உங்கள் ஊர் விதிகள் இடம் தருகின்றனவா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். இலக்கின் பின்னே அம்பைத் தடுக்கும் மண்மேடோ தடித்த வைக்கோல் கட்டுகளோ இருக்க வேண்டும். பரண் என்றால் தரையை விட்டுக் கால் எடுக்கும் கணத்திலிருந்தே முழு உடல் பாதுகாப்புப் பட்டை கட்டியிருக்க வேண்டும். இந்தியாவில் இருந்து வாசிப்பவர்கள், அங்கே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம் என்பதை நினைவில் கொள்ளவும். இந்தப் பயிற்சியைப் பலகை இலக்கில் எவரும் செய்யலாம்.

நான்கு நாட்களுக்கு ஒருமுறை, எய்யாமலே பயிற்சியை முடியுங்கள். நாணை முழுவதும் இழுத்து, குறிவைத்து, அரை நிமிடம் பிடித்திருந்து, அம்பை விடாமல் மெல்லத் தளர்த்துங்கள். மான் ஒரு மரக்கிளையின் பின்னே நின்றுவிட்டாலோ, முகத்தை நேராக உங்கள் பக்கம் திருப்பிக்கொண்டாலோ நீங்கள் செய்ய வேண்டியது அதுவே. வீட்டில் அதைப் பழகாதவர்களுக்குக் காட்டில் அது கைவருவதில்லை. இழுத்த நாணை எப்படியாவது விட்டுவிட வேண்டும் என்ற உந்துதலில் எய்துவிடுகிறார்கள். குறிப்பேட்டில் அந்த நாளையும் ‘எய்யவில்லை’ என்று எழுதுங்கள்.

மிச்சிகனில் அக்டோபர் 1-ஆம் தேதி வில்வேட்டைப் பருவம் திறந்த பிறகும் பதிவை நிறுத்த வேண்டாம். பயிற்சி முனை பொருத்திய பழைய அம்பு ஒன்றைக் கூட்டில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மான் எதுவும் வராத நாளில், பரணைவிட்டு இறங்குவதற்குச் சற்றுமுன், சுற்றிலும் யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, அனுமதிக்கப்பட்ட நேரத்துக்குள், மண்ணில் கிடக்கும் ஓர் இலையைத் தேர்ந்து அந்த அம்பை எய்யுங்கள். மூன்று மணி நேரம் உறைந்து உட்கார்ந்திருந்த பிறகு, அதே அங்கியோடு, அதே உயரத்திலிருந்து எய்யும் அந்த அம்பைப்போல உண்மையான முதல் அம்பு வேறெங்கும் உங்களுக்குக் கிடைக்காது. இறங்கிப் போய் அளந்து, காருக்குத் திரும்பியதும் எழுதிவையுங்கள்.